தை இரண்டாம் திகதியும் எங்கள் அண்ணையும்

அண்ணை எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணையின் பிள்ளைகள் வந்து நின்றபோது, எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்றே முதலில் யோசித்தேன். கடைசியில் ஒன்றையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். வாசிக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணை காங்கேசன்துறையில் பிறந்தவர். ஐயா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஐயா திடீரெனக் காலமானபோது அண்ணைக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. அன்றிலிருந்து வீட்டை அண்ணைதான் தூக்கி நிறுத்தினார். பின்னேரங்களில் ரியூசன் கொடுத்து அம்மாவையும் என்னையும் பார்த்தார். காலையில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் வழியில் வாய்ப்பாடு கேட்பார். பிழைவிட்டால் இறக்கி நடக்க விடுவார். நான் நிறைய நடந்திருக்கிறேன். அவர் ஆசிரியரானார், என்னையும் ஆசிரியனாக்கினார். இடம்பெயர்ந்து சுன்னாகத்துக்கு வந்தபோது, ஒரே அறையில் நடுவே சேலையைக் கட்டி இரண்டு குடும்பமாக இருந்தோம். பிறகு அண்ணை கல்விக் கந்தோரில் பொறுப்பான பதவிக்கு வந்தார். நாங்கள் அடுத்த ஒழுங்கையில் வேறாக வீடு எடுத்தோம்.

எங்கள் கோயிலில் அண்ணைக்கு ஒரு வேலை இருந்தது. புனிதர்களின் திருநாட்களில் பூசை முடிந்ததும் அந்தப் புனிதரின் வரலாற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லுவார். தை (ஜனவரி) இரண்டாம் திகதி பசீலியாருக்கும் கிரகோரியாருக்கும் உரியது. ஆதித் திருச்சபையின் இந்த இரண்டு ஆயர்களையும் ஒரே நாளில் நினைவுகூருகிறோம். ஏதென்ஸ் நகரில் சேர்ந்து படித்த சிநேகிதர்கள் அவர்கள். கோயிலுக்குப் போகும் பாதையும் பள்ளிக்குப் போகும் பாதையும் தவிர வேறு பாதை தெரியாதவர்கள் என்று அண்ணை சொல்லும்போது, முன்வரிசையில் இருக்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு முறை தீவுப் பகுதிப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். போக ஒருவரும் விரும்பவில்லை. பட்டியல் எழுதும் பொறுப்பு அண்ணையிடம் வந்தது. தன் தம்பியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார் என்று ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக, முதல் பெயராக என்னுடையதை எழுதினார். என் மூத்த பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். அடுத்த ஒழுங்கையில் இருந்த அண்ணை செய்த காரியம் எனக்குத் தபாலில்தான் தெரியவந்தது.

நெடுந்தீவுக்குப் போனேன். போகிற அன்று அண்ணை வந்து வாசலில் நின்றார். நான் கதைக்கவில்லை. தீவில் பங்குச் சுவாமி வாசிக்கத் தந்த புத்தகம் ஒன்றில், ஏதென்ஸுக்குப் பிறகு நடந்ததைப் படித்தேன். ஆயரான பசீலியார், சாசிமா என்ற ஒரு வண்டிப்பாதைச் சந்திக்குக் கிரகோரியாரை அவருடைய விருப்பத்தைப் பாராமல் ஆயராக நியமித்தாராம். தண்ணீர் இல்லை, புழுதியும் வண்டிச் சத்தமும்தான். கிரகோரியாருக்கு அந்த மனக்குறை ஆறவேயில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே கையால் கொப்பி பண்ணி, சிவப்புப் பேனையால் கோடு போட்டு, பெயர் போடாமல் அண்ணைக்கு அனுப்பினேன். என் கையெழுத்தைத் திருத்தி வளர்த்தவருக்கு அது யார் எழுதியது என்று தெரியாமல் இருக்குமா?

பதில் வரவில்லை. நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்த பிறகும் நாங்கள் கதைக்கவில்லை. கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றிலும் அண்ணி ஊடாகத்தான் செய்தி போய்வரும். தை இரண்டாம் திகதிகளில் நான் கடைசி வரிசையில் இருப்பேன். அண்ணையின் கதை ஏதென்ஸோடு முடிந்துவிடும். இப்படிப் பதினொரு வருடம் போனது. அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணைக்குச் சிறுநீரகம் பழுதென்று தெரிந்ததற்கு அடுத்த தை இரண்டு. ஏதென்ஸ் முடிந்தும் அண்ணை இறங்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாசிமாவைச் சொல்லத் தொடங்கினார்.

"பசீலியார் பெரிய புனிதர்தான். ஆனா அண்டைக்குச் சிநேகிதனைக் கேக்காமல் செய்தது பிழை. தன்ரை பேர் கெடக்கூடாது எண்டு பாத்தவரே ஒழிய, அவன்ரை மனதைப் பாக்கேல்லை."

பசீலியாரைப் பற்றி அப்படி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கோயிலில் இருந்த பாதிப்பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் அண்ணை நேரே என்னிடம் வந்தார்.

"உன்னட்டை ஒருக்கால் கேட்டிருக்க வேணும்."

"கேட்டிருந்தா மாட்டன் எண்டிருப்பன்."

"அது தெரிஞ்சுதானே கேக்கேல்லை" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அன்று மத்தியானம் அண்ணை வீட்டில்தான் சாப்பிட்டேன்.

அதன்பின் அண்ணை மூன்று வருடம் இருந்தார். கிழமையில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டோவில் கூட்டிப்போவேன். நான்கு மணித்தியாலம் கட்டிலருகில் இருந்து, விட்டுப்போன பதினொரு வருடத்துக்கும் சேர்த்துக் கதைத்தோம். இதைத் தந்த இறைவனுக்கு எந்த நாளும் நன்றி சொல்லுகிறேன்.

கடைசியாகப் போன அன்று அண்ணை கேட்டார்: "எனக்குப் பிறகு ஒரு நாள் நீயும் வருவாய்தானே. அதுக்குப் பிறகு ரெண்டு பேருக்கும் நினைவுப் பூசையை ஒரே நாளிலை, ஒரே பூசையா வைக்கச் சொல்லட்டோ? இந்த முறை கேட்டுத்தான் செய்யிறன்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன், அவரைச் சீண்டுவதற்காக. அடுத்த முறை போகும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அதற்கு முதல்நாள் விடியற்காலை அண்ணை கண்ணை மூடினார்.

பசீலியாரின் அடக்கத்துக்குக் கிரகோரியாரால் வர முடியவில்லை. பிந்தி வந்துதான் அவரைப் புகழ்ந்து பேசினார். அதிலும் சாசிமாவை மட்டும் புகழ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நானும் அந்தப் பட்டியலைப் புகழ மாட்டேன். ஆனால் தனியே வந்த எனக்குச் சோறும் கறியும் தந்து தங்கள் வீட்டுப் பிள்ளைபோலப் பார்த்த நெடுந்தீவுப் பெற்றோருக்கு, பதினைந்து வருடம் பிந்தி, இந்த மலரில் நன்றி சொல்லுகிறேன். அண்ணையை முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியருக்கும், நேரம் தவறாமல் வந்த ஓட்டோத் தம்பிக்கும், இறுதி நாட்களில் நற்கருணை கொண்டுவந்த சுவாமிக்கும், பதினொரு வருடம் எங்கள் இருவருக்கும் இடையில் நடந்து களைத்த அண்ணிக்கும், துயரில் பங்குகொண்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள்.

பெறாமக்களான அண்ணையின் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைக் கவனமாக வைத்திருக்கவும். அண்ணை கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ஓம் அண்ணை. ஒரே நாளிலை வைக்கச் சொல்லுங்கோ.