என் நிலத்துக்கு அடியில் ஆர்லீன்

காரை என் மாட்டுக் கொட்டகை நிழலில் நிறுத்திவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மேய்ச்சல் நிலத்துக்குள் நடந்து போகிறார் ஆர்லீன் ஸ்டோவல். வியாழன் தோறும் இதே கூத்து. வயது எழுபத்தாறு. பள்ளிச் சமையல்கூடத்தில் முடி உதிராமலிருக்க முப்பது வருஷம் தலையில் மாட்டிய வலையை, வேலையை விட்ட பிறகும் கழற்றவில்லை. ஏறி இறங்கித் தலையாட்டிக் கொண்டிருக்கும் கச்சா எண்ணெய் பம்பின் காலடியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நிற்பார். "இன்னிக்குக் கொஞ்சம் இழுத்து இழுத்து ஓடுது டெல்மர்" என்று திரும்பிப் போகும்போது சொல்வார், நான் ஏதோ அவர் வைத்த காவல்காரன் மாதிரி.

நிலம் என்னுடையது. புல், வேலி, மாடு, வரி எல்லாம் என்னுடையது. அடியில் இருப்பது மட்டும் அவருடையது. கிழக்கு டெக்ஸஸில் எங்கள் பக்கத்தில் இது சகஜம். மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர். 1930 வசந்தத்தில் என் தாத்தா நிலத்தடி உரிமையைத் தனியே பிரித்து, இரண்டு கோவேறு கழுதைகளை வாங்கிக்கொண்டு ஆர்லீனின் தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் முடிவதற்குள் அக்கம்பக்கத்தில் எண்ணெய் பீறிட்டது. கழுதைகள் மறுவருஷமே செத்தன. எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் கோபத்தில்கூட யாரையும் கழுதை என்று திட்டுவதில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைப்பானேன்? எண்ணெயில் வரும் பங்கை வைத்து அவர் பணக்காரியாக வாழ்ந்தாலாவது ஆசைதீரத் திட்டலாம். அதற்கும் வழியில்லை. காப்பிக் கடையில் வெந்நீர் மட்டும் வாங்கி, கைப்பையிலிருந்து தேயிலைப் பொட்டலத்தை எடுத்து முக்குவார். பிறகு பிழிந்து, காகிதத்தில் மடித்து, மறுபடி பைக்குள் வைப்பார். கார்க் கண்ணாடி ஒட்டுநாடாவில் நிற்கிறது. போன வருஷம் தேவாலயத்துக்குப் பியானோ வாங்கிக் கொடுத்தார். ஊரே அவர் கையைப் பிடித்துக்கொண்டு உருகியது. அந்தப் பியானோவில் பாட்டு கேட்கும்போதெல்லாம் என் நிலத்தை யாரோ வாசிப்பது போல இருக்கும். என் மனைவி வில்லெட்டாவுக்கு இது வேடிக்கை. "வியாழக்கிழமையானா ஜன்னலை விட்டு நகர மாட்டேங்கற. பொறாமையா, காதலா? எதுக்கும் எனக்கு முன்னாடியே சொல்லிடு" என்பாள்.

போன இலையுதிர் காலத்தில் ஆர்லீன் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நாலு மாதம் லூசியானாவில் தங்கை மகள் வீட்டில் படுக்கை. அந்த எண்ணெய்க் கிணற்றை அவரிடம் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் நிறுவனம் சின்னது. செலவைக் குறைக்க, பம்பைச் சுற்றிப் பார்க்கும் ஆளை நிறுத்திவிட்டு, பம்ப் நின்றால் ஒரு போன் போடும்படி என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஆர்லீன் ஊருக்குப் போன இரண்டாவது வாரம் பம்பின் பெல்ட் அறுந்தது. காலை முட்டை சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். அந்தம்மாவுக்கும் கொஞ்ச நாள் ஒன்றும் வராமல் இருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். வில்லெட்டா கேட்டபோது, அவர்களிடம் சொல்லியாயிற்று என்று கூசாமல் பொய் சொன்னேன். மூன்று மாதம் அந்த அமைதியில் நன்றாகத் தூங்கினேன்.

எண்ணெய் அள்ள லாரி வந்து, தொட்டி பாதிகூட நிரம்பாததைப் பார்த்த பிறகுதான் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது. பெல்ட்டும் கையுமாக ஓடி வந்தார்கள். ஆனால் காலம் கடந்திருந்தது. தொண்ணூறு நாள் சேர்ந்தாற்போல எண்ணெய் வராவிட்டால் குத்தகை ரத்து என்று பழைய பத்திரத்திலேயே இருக்கிறது. உரிமையைக் கைவிடாத குடும்பங்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் வீட்டில் படிப்பதற்குப் பத்திரமே கிடையாதே, எனக்கு எப்படித் தெரியும்? தாத்தா காலத்திலிருந்து எட்டில் ஒரு பங்குக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த ஆர்லீனுக்கு ஒரே நாளில் விடுதலை. மூன்று நிறுவனங்கள் அவர் வாசலில் வந்து நின்றன. நாலில் ஒரு பங்கு தருவதாகச் சொன்ன நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் புதிதாக, இன்னும் ஆழமாக ஒரு கிணறு தோண்டப் போகிறார்கள். அதுவும் என் வீட்டுப் பின்பக்கம். மேல்நிலத்துக்காரனால் சட்டப்படி தடுக்க முடியாது.

போன வியாழன் நில அளவுக்காரர்கள் வந்து, புதுக் கிணற்றுக்கு இடம் குறித்து ஆரஞ்சு நாடா கட்டிய முளைக்குச்சிகளை அடித்துவிட்டுப் போன கையோடு, ஆர்லீன் ஊன்றுகோலுடன் வந்தார்.

"பெல்ட் அறுந்தது உனக்குத் தெரியும்ல டெல்மர்?"

"கவனிக்கலீங்க, மிஸ் ஆர்லீன்."

"உன் சமையலறை ஜன்னல்லேர்ந்து பார்த்தா நேரா தெரியுமே." கோபமில்லாமல்தான் சொன்னார். "எங்கப்பா இந்தக் குத்தகையை உடைக்க ரெண்டு வக்கீல் வச்சுப் பார்த்தாரு. முடியல. நீ சும்மா இருந்தே முடிச்சுக் குடுத்துட்ட. ரொம்ப தேங்க்ஸ்ப்பா."

அவர் மெதுவாகப் பின்பக்கம் சுற்றிப் போனார். வில்லெட்டாவின் பீன்ஸ் பாத்தியில் ஒரு முளைக்குச்சி சாய்ந்திருந்தது. ஆர்லீன் குனிந்து, கொடி எதையும் மிதிக்காமல், அதை நேராக நிமிர்த்தினார். பிறகு காலணிக் குதியால் இரண்டு தட்டுத் தட்டி மண்ணில் இறக்கினார்.