வருஷத்துக்கு ஒரு தடவை ஒலிக்கும் மணி

குளிர்காலம் முழுக்க நார்பெர்ட் சாஸ்ட்ரோ மானிட்டோவாக் ஊர்ச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன். சனிக்கிழமை மதியம் மட்டும் அவன் ஓர் உலகத்துக்கே அதிபதி. வீட்டின் நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில், பத்தொன்பது வருஷமாக கதையும் பகடையுமாக ஆடுகிற ஒரு கற்பனைச் சாகச ஆட்டத்தை அவன்தான் நடத்துகிறான். மற்ற நான்கு பேரும் ஆளுக்கொரு வீரனாக அவன் எழுதிய குகைகளுக்குள் நுழைவார்கள். பிழைப்பதும் சாவதும் பகடை சொல்வது. அதிபதி என்று பேர்தான், அந்த மேசையில் அவனைப் போல வாயும் கையும் கட்டிக் கிடக்கிற ஆள் வேறு கிடையாது.

கட்டிக்கொண்டதும் அவனேதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒருத்தியின் வீரனைக் காப்பாற்ற, பகடையைக் கையால் மறைத்து எண்ணை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டான். அன்று கோபித்துக்கொண்டு போன இரண்டு பேர் திரும்பவே இல்லை. அதிலிருந்து கதையை முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துவிடுவான். பகடை எல்லார் கண்ணெதிரிலும் உருளும். ஆட்டம் முடிந்ததும் தாளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். "நிச்சயமாத்தானா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டான். ஆட்டம் நடத்துகிறவன் அப்படிக் கேட்டால் 'வேண்டாம், செத்துப்போவாய்' என்று அர்த்தம், ஆடுகிறவர்களுக்கெல்லாம் அது தெரியும்.

ஒரு பிப்ரவரி சனிக்கிழமை, ஆட்டத்தில் ஒரு ராட்சதனின் பெட்டியிலிருந்து கிடைத்த செப்பு மணியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அது ஏதோ ஒரு சாபத்தை முறிக்கும் என்பது வரை தெரியும்.

"முப்பதாயிரம் பொன்னாம். எந்தச் சாபம்னு யாருக்கும் தெரியாது, வருஷத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கணுமாம்," என்றாள் கொரின். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கணக்கில் புலி. "பாதி விலைக்கு வித்தாக்கூட நாலு பேருக்கும் நல்ல கேடயம் வரும். இத வச்சுக்கிட்டு என்ன, மாட்டுக்கா கட்டப்போற?"

"இருக்கட்டுமே கொரின். நார்பெர்ட் சும்மா வைக்கமாட்டான்," என்றான் அவள் புருஷன் டெல்மர்.

"நீ எதத்தான் தூக்கிப் போட்டிருக்க? நம்ம கேரேஜ்ல காரா நிக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள், டெல்மரும்தான். வெளியே நாலு வார்த்தை பேசத் தெரியாத மனிதன் அவன். ஆனால் ஹார்க்கன் என்ற குள்ள வீரனாகிவிட்டால் மேசையைத் தட்டிப் பாடுவான், அரசர்களைக் கிண்டல் செய்வான். முதல் நாளிலிருந்து அவனுக்கு ஒரே வீரன், ஹார்க்கன். "நான் ஹார்க்கனப் பாத்துத்தான் இவனக் கட்டிக்கிட்டேன்," என்று கொரினே சொல்வாள்.

அடுத்த வார உறை அலமாரியில் ஒட்டியபடி இருந்தது. அதற்குள், பார்வையாலே ஆளைக் கல்லாக்கும் ஒரு மிருகம் இருந்தது. மணியை நார்பெர்ட் வைத்ததே அந்தச் சாபத்தை முறிக்கத்தான். 'நிச்சயமாத்தானா?' என்ற அந்தக் கேள்வி அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சட்டென்று எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தான்.

"என்ன நார்பெர்ட், மூஞ்சியக் காட்டமாட்டியா?" என்றாள் கொரின்.

"பீர் யாருக்கு வேணும்?" என்றான் அவன், திரும்பாமலே.

விற்கலாம் என்று மூன்று கைகள் உயர்ந்தன. மணி போயிற்று.

அந்த வாரம் நார்பெர்ட் உறையை இரண்டு தடவை கையில் எடுத்தான். பிரித்து வேறு எழுதி ஒட்டினால் ஒரு குருவிக்கும் தெரியாது. இரண்டு தடவையும் இருந்த இடத்திலேயே வைத்தான். நானாக இருந்தால் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். அந்த மடையனால் முடியவில்லை.

சனிக்கிழமை, வழக்கம்போல ஹார்க்கன்தான் முன்னால் போனான். மிருகம் பார்த்தது. இருபது முகப் பகடையில் பதினொன்றோ அதற்கு மேலோ விழவேண்டும். டெல்மர் பகடையை உருட்டினான். மூன்று.

"கல்லாயிட்டான்," என்றான் நார்பெர்ட். சாபத்தை முறிக்கத் தாளில் எழுதியிருந்த அவகாசப்படி மெதுவாக நூறு வரை எண்ணினான். புதுக் கேடயங்கள் எதற்கும் உதவவில்லை. நூறாவது எண்ணில் ஹார்க்கன் பொடியாக உதிர்ந்தான்.

கொரினின் முகம் வெளுத்திருந்தது.

"நார்பெர்ட், அந்த மணி இருந்திருந்தா?"

தாள் அவன் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. ஒன்பது வருஷமாக அந்த மேசையில் பொய் சொல்லாத வாய். "ஒண்ணும் ஆயிருக்காது," என்றான். "அது வேற சாபத்துக்கு."

டெல்மர் கை நீட்டித் தாளை உருவினான். அது அவன் உரிமை, நார்பெர்ட்டால் பிடித்துவைக்க முடியவில்லை. டெல்மர் கடைசி வரி வரை படித்தான்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் கொரின்.

டெல்மர் நார்பெர்ட்டைப் பார்த்தான். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அவன் சொன்னதுதான். வேற சாபத்துக்கு."

புது வீரனுக்கான வெற்றுத் தாள் ஒன்றை நார்பெர்ட் அவன் பக்கம் தள்ளினான். பெயர் எழுதும் இடத்தில் பென்சிலை ஊன்றியபடி டெல்மர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒரு எழுத்தும் விழவில்லை.

"வீட்டுக்குப் போலாம் கொரின்," என்றான் கடைசியில். வெளியே, தெருவில், கடையில் பேசுகிற அந்தச் சின்னக் குரலில்.