பெட்டிக்குள் சூடம் கொளுத்திய பூவம்மா

எனக்கு முன்கோபம் அதிகம். சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கோபக்காரன் கைகூப்பி நிற்கிற ஒரே ஆள் பஃபலோ ரோட்டுப் பூவம்மா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். கப்பலில் போகும் சாமான்களுக்கு வைக்கோல் திணித்துப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. ஆற்றோரக் கிடங்கில் வேலை. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 1956இல் அம்மன் கோயில் பூட்டை உடைத்து, தேரில் வருகிற அம்மனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். தேர் கொட்டகையிலேயே நின்றது. அம்மன் காலடியில் வைத்து எடுக்காமல் எங்கள் ஊரில் எந்தத் தாலியும் கழுத்தில் ஏறாது. தாலியை வெறும் பீடத்தில் கொண்டுபோய் வைக்க எந்தத் தாய் தகப்பனுக்கு மனசு வரும்? என் தங்கை கண்மணிக்கு நிச்சயம் முடிந்திருந்தது. இரண்டு வருஷம் பொறுத்த மாப்பிள்ளை வீட்டார், தைக்குள் முடியாவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். நான் இங்கே சம்பாதித்து என்ன பிரயோசனம், சொல்லுங்கள்.

அப்போதுதான் அந்தக் கிடங்குக்கு ஒரு வியாபாரி மூட்டையோடு வந்தான். பித்தளைப் பாத்திரம், ஐரோப்பாவுக்குப் போகிறது என்றான். பூவம்மா பிரித்தால் உள்ளே அம்மன். காய்ந்த அரளியும் சந்தனமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டு அடுக்கு என்றார் வேலை வாங்கும் மண்டோர். பூவம்மாவும் அடுக்கினார். ஆனால் கடல் கடந்து போகிற சாமியைச் சூடம் காட்டாமல் அனுப்பலாமா? மடியிலிருந்த கட்டியை எடுத்துப் பெட்டிக்குள்ளேயே கொளுத்திக் காட்டினார். வைக்கோலுக்கு நடுவே சூடம். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

வைக்கோல் பற்றிக்கொண்டது. வாளி வாளியாய் ஊற்றி அணைத்துவிட்டார்கள். அதற்குள் புகையைப் பார்த்துப் போலீஸ் வந்து பெட்டியைக் கவிழ்த்தது. முகமெல்லாம் கரியோடு அம்மன் வெளியே வந்தாள்.

வியாபாரி அசரவில்லை. புதிதாக வார்த்த பொம்மை, கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சாதித்தான். மண்டோர் பூவம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"தீ வச்சத நான் மறந்துடுறேன். நீயும் அரளி, சந்தனம் எல்லாத்தையும் மறந்துடு லா. உன் வேலை போகாது."

"தீ வச்சது நான்தான், அதையும் சொல்லிக்கிறேன். கண்ணால பாத்ததையும் சொல்லிக்கிறேன். சிவன் சொத்து குலநாசம், தெரியும்ல?"

போலீஸிடம் அப்படியே சொல்லிவிட்டார். அன்றே வேலை போயிற்று. அவர் சொன்ன வார்த்தையால்தான் போலீஸ் சிலையை வியாபாரியிடம் திருப்பிக் கொடுக்காமல், படத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் போட்டது. தேநீர்க் கடையில் அதைப் பார்த்த எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாப் படத்தை வரவழைத்துக் காட்டினோம். அம்மன் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தாள். இங்கிருந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து பூவம்மாவுக்கு இட்லிக் கடை வைத்துக் கொடுத்தோம். அவர் செய்ததற்கு அது உறை போடக் காணாது.

தை பிறக்கும் முன்னே கண்மணியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அவருக்கு எழுத்து தெரியாது. நானே வாசித்தேன். கடைசியில், வரவேற்கிறவர்கள் பெயர்களில் முதல் பெயர் 'சிங்கப்பூர் பூவம்மா'.

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, நான் தாலி அறுத்தவ. நல்ல காரியத்துல எம்பேரப் போடலாமா?"

"ஊர் கூடிப் போட்டது அக்கா. எங்க ஊர்ல இனிமே தாலி ஏறுதுன்னா அது உங்களாலதான்."

அவர் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினார்.

"எது எம்பேரு? விரல வச்சுக் காட்டுங்க."