காயாத வில்லை

எந்தச் சோதனையானாலும் நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு கண்ணாடித் தட்டைத்தான். உள்ளே வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். நடுவில், மருந்து எதுவும் இல்லாமல் ஸ்பிரிட்டில் மட்டும் நனைத்துக் காயவைத்த காகித வில்லை. அதை ஒட்டிப் பூஞ்சை வளர்ந்திருந்தால்தான் மற்றத் தட்டுகளைத் தொடுவேன். இந்தப் பிடிவாதம் எனக்குத் தானாக வந்ததில்லை.

தட்டாஞ்சாவடியில் மூலிகைக் களிம்பு செய்யும் சின்னக் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. சோதனை அறையில் கெமிஸ்ட் சாரும் நானும்தான். சார் மீனவர் வீட்டுப் பிள்ளை. மீன் விற்கும் அவர் அம்மாவுக்கு, நாளெல்லாம் ஈரச் சேலையோடு கிடந்து, இடுப்பைச் சுற்றிப் பூஞ்சையால் வரும் படர்தாமரை. கோரிமேட்டு ஆஸ்பத்திரி மாத்திரையில் குறைந்துதான் வந்தது, ஆனால் வயிற்றைப் புரட்டுகிறது என்று புலம்புவாராம். சீமை அகத்தி இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு இறக்கி, அதில் ஒரு களிம்பு செய்துவிட வேண்டும் என்று சார் ஒற்றைக்காலில் நின்றார்.

சாற்றில் நனைத்த வில்லையை உலர்த்தித்தான் பூஞ்சைத் தட்டில் வைக்க வேண்டும். ஈரமாக வைத்தால் ஸ்பிரிட்டே பூஞ்சையைக் கொன்றுவிடும், பெயர் இலைக்குப் போய்விடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வெறும் ஸ்பிரிட் வில்லை ஒன்றும் வைப்பது. அன்று மழை. வில்லை காய்கிற வழியாக இல்லை. மூலக்குளம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஈரத்தோடு வைத்தேன். வெறும் வில்லை என்றைக்கும் எதையும் காட்டியதில்லையே என்று அதை வைக்காமலே விட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் வில்லையைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூஞ்சையே இல்லாத வட்டம். சார் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை வாயில் வரவில்லை. மறுநாளே அம்மாவின் மாத்திரையை நிறுத்திக் களிம்பைக் கொடுத்துவிட்டார்.

பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தினமும் காலையில் அம்மாவுக்கு எப்படி என்று கேட்பேன். பரவாயில்லை என்றார். அப்புறம் அரிப்பு என்றார். அப்புறம் முதுகு. களிம்பில் சாற்றைக் கூட்டிக்கொண்டே போனார், சோதனையைச் சந்தேகப்படவே இல்லை. தொடைக்கும் இறங்கிவிட்டது, உட்கார முடியாமல் நின்றபடியே மீன் விற்கிறார் என்று சார் சொன்ன அன்றுதான், வில்லையை ஈரத்தோடு வைத்ததைச் சொன்னேன்.

"வெறும் ஸ்பிரிட் வைக்கலியா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அம்மாவைக் கோரிமேட்டுக்குக் கூட்டிப்போகக் கிளம்பிவிட்டார். திரும்ப வைத்த சோதனையில், காய்ந்த வில்லையைச் சுற்றி நகத்தின் விளிம்பளவு வட்டம் வந்தது. இலையில் ஏதோ இருக்கிறது. ஒருவர் உடம்பை ஆற்றும் அளவுக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தார். சாரோடு சோதனை அறையில் வேலை செய்கிறேன் என்று சொன்னேன். சார் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை என்று அவர் பேச்சில்தான் தெரிந்தது.

"எம் புள்ள அவசரப்பட்டுட்டான்மா. கூடவே இருந்தியே, நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்மா" என்றேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் பையில் இரண்டு சங்கரா மீனைக் கூடுதலாகப் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

இன்று காலை வெறும் வில்லையைச் சுற்றி மெல்லிய வட்டம் தெரிந்தது. சரியாகக் காயவில்லை. மற்றத் தட்டுகளைத் திறந்துகூடப் பார்க்காமல் அத்தனையையும் கழித்துவிட்டு, இலையை முதலிலிருந்து அரைக்க ஆரம்பித்தேன்.