பெட்ரோமாக்ஸை வாளியில் முக்கினோம்

திருநின்றவூரில் எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. மகள் வளைகாப்புக்காக என் வீட்டுக்காரர் குமணன்சாவடி பழைய சாமான் கடையிலிருந்து கரி பிடித்த பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்றை வாங்கி வந்தார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் அது எந்த ஊர் விளக்கு என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. எண்ணெய்த் தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு மான் படமும் புரியாத எழுத்தும் தெரிந்தன.

"இது இன்னா ஊரு மானுங்க?"

"அந்த மானையே கேளு, சொல்லும்" என்றார் வீட்டுக்காரர்.

இன்னும் தேய்த்தபோது அடிப்பக்கம் காசளவுக்கு ஈயம் வைத்து அடைத்த இடம் தெரிந்தது. மகள் இந்த விளக்குப் பக்கத்தில்தானே உட்காரப் போகிறாள்? அவர் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிவிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முதல்ல வெறும் காத்தடிச்சு, சைக்கிள் டியூப் மாதிரி தண்ணில முக்குங்க."

"ஏம்மே, வெளக்குக்குக் கூட கங்கா ஸ்நானமா?" என்று சிரித்துக்கொண்டே முக்கினார். ஈயத்தைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எண்ணெ ஊத்தியிருந்தா பீச்சி அடிச்சிருக்கும்மே" என்றார் மெதுவாக.

பட்டறையில் அந்த ஓட்டையைப் பற்றவைத்து அடைத்து, மறுபடி முக்கி, குமிழ் வராத பிறகே எரிகிற வலைத்துணியான மேண்டிலைக் கட்டினோம். வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. அந்த மான் எந்த ஊர் என்று வந்தவர் யாருக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் வாடகை விளக்கைக்கூட முக்கிப் பார்க்காமல் எடுப்பதில்லை. என்னைக் கண்டாலே வாடகைக் கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "அந்தம்மா வந்துகினு கீது, வாளிய ரொப்பு!"