மஜீதுக்காகக் காத்திருந்த மேசை

போன மாதம் கிண்ணியாவில் மஜீதின் கடைசி மகளுக்குக் கல்யாணம். சீனக்குடாவில் பஸ் பழுதாகி நின்றதில், நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி அரைவாசி முடிந்திருந்தது. நெய்ச்சோற்று வாசம் வாசல் படலைக்கே வந்துவிட்டது. உள்ளே பாய்களில் சகனைச் சுற்றி ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சகன் தெரியும்தானே? ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைக்கிற பெரிய தட்டு. ஒரே அலுவலகத்தில் வேலைசெய்த எங்கள் பழைய கந்தோர்க் கூட்டத்துக்கு ஒரு மூலையில் கோழிச் சகன் வைத்திருந்தது. அதன் மூடி மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை. நாலு கிழவர்கள் கையைக் கழுவிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

எனக்காகத்தான். மூடிக்கிடக்கிற ஒரு தட்டைப் பார்த்து இந்த வயதில் கலங்குவதா என்று சிரிப்பீர்கள். மஜீத்மேல் எனக்கிருந்த பொறாமையின் கதையைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் சிரிப்பீர்கள்.

உள்துறைமுக வீதியில் கப்பல் சரக்கு இறக்குகிற சின்னக் கம்பனி ஒன்றில் நானும் அவனும் கிளாக்கர்மார். நான் சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் போவேன். சட்டை கசங்காது, நேரம் தவறாது. அவன் கிண்ணியாவிலிருந்து பாதையில் வருவான். பாதை என்றால் தெரு அல்ல. பாலம் வருவதற்கு முன், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த தட்டையான படகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பாதை பிந்தினால் அவனும் பிந்துவான். பிந்தி வந்தவன் வாசலிலிருந்தே ஒவ்வொருவரிடமும் வீட்டுச் சுகம் விசாரித்துக்கொண்டு வருவதால், தன் கதிரைக்குப் போய்ச்சேர இன்னும் பிந்தும். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, அவனைத் தமிழ் ஆட்களும் நானா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களோடு வேலைசெய்த சிவம் அவனைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அவன் நானா.

மத்தியானம் பின்னறையில் ஒரு நீள மேசை. எல்லோருடைய சாப்பாட்டுப் பெட்டியும் நடுவில் போகும், யாரும் யாருடையதிலும் அள்ளலாம். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தனி ஒழுங்கு. சைவ ஆட்களுக்கு அன்று மரக்கறி என்பதால் மஜீத் மீன் கொண்டுவரமாட்டான். கத்தரிக்காய்க் கறியும் ஒரு மண்முட்டி நிறைய எருமைத் தயிரும் வரும். அவன் ஜும்மாத் தொழுகைக்குப் போய்த் திரும்பும்வரை நாங்கள் ஒருவரும் பெட்டியைத் திறக்கமாட்டோம். இப்படிச் செய்யுங்கள் என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. யார் தொடங்கியது என்றும் தெரியாது. புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டு வெள்ளிக்கிழமையில் தாங்களாகவே பழகிவிடுவார்கள். என் மகள் வேலைசெய்யும் கம்பனியில் இந்த மாதிரி விசயத்துக்கு உப்புவெளி ஹோட்டலில் வைத்து வகுப்பு எடுக்கிறார்களாம். நிறுவனக் கலாசாரம் என்று பெயராம். எங்களுக்கு அது தயிர் முட்டியோடு வந்தது.

எனக்குப் பசி பொறுக்காது. அதைவிடப் பொறுக்காத விசயம் ஒன்று இருந்தது. நான் கப்பலடிக்குப் போய்ப் பிந்தி வருகிற நாட்களில் ஒருவரும் காத்திருந்ததில்லை. எனக்காகக் காத்திருங்கள் என்று வாயால் கேட்கவா முடியும்? வயிறெரிந்துகொண்டு தனியே சாப்பிடுவேன்.

தலைமைக் கிளாக்கர் ஓய்வு பெறும் காலம் வந்தது. அடுத்தது நான்தானா, மஜீதா என்று கந்தோர் முழுக்க ஒரே கதை. ஆளைத் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்தார், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து. சாப்பாட்டு நேரம் தொடங்கியபோது எல்லோரும் மூடிய பெட்டிகளுக்கு முன்னால் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். பணிப்பாளர் வாசலில் நின்றார். நான் என் பெட்டியைத் திறந்தேன்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ?" என்றார் சிவம் மெதுவாக.

"ஓம், தெரியும்."

பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த கிழமை பொறுப்பு என் கைக்கு வந்தது. அந்தக் கந்தோரில் நேரத்தை மதிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று கொழும்பில் சொன்னாராம்.

சுழல் கதிரை, தனி அறை, கதவு எல்லாம் கிடைத்தன. அதுவரை என்னை அண்ணன் என்று கூப்பிட்டவர்கள் சேர் என்றார்கள். பொறுப்பாளர் தனியே சாப்பிடுவதுதான் கொழும்பு வழக்கம் என்பதால் சாப்பாடு அறைக்கே வந்தது. மஜீத் வந்து மனதார வாழ்த்தினான், அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. கப்பலடியில் ஆட்கள் முறுகிக்கொண்டு நின்றால் நான் போய்க் கட்டளை போடுவேன். ஒருவரும் அசையமாட்டார்கள். மஜீத் போய் அவர்களோடு பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டு வருவான், பாரந்தூக்கி இயந்திரம் ஓடத் தொடங்கும். மத்தியானத்தில் மூடிய கதவுக்கு அப்பால் மேசையில் சிரிப்புக் கேட்கும். என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே சோற்றை விழுங்குவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கப்பலடியில் நன்றாகச் சுணங்கிவிட்டேன். இப்போது நான் பொறுப்பாளர்தானே, இன்றைக்காவது காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மேசை துடைத்தாகிவிட்டது. என் பங்கைத் தயிரோடு சேர்த்து, தட்டால் மூடி, என் அறையில் வைத்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தயிரை நான் தொடவில்லை.

கம்பனி கைமாறி எத்தனையோ காலம். கந்தோர் இருந்த வீட்டில் வெள்ளைக்காரருக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறார்கள், எங்கள் பின்னறை குளியலறையாகிவிட்டது. பாதையும் இல்லை, அதைச் சாட்டிப் பிந்தி வருவதற்கும் வழியில்லை. மகளிடம் யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டால், கேள்வியே விளங்காதவள் போலப் பார்க்கிறாள். தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து சாப்பிட்டாளாம்.

கல்யாண வீட்டில் கையைக் கழுவிக்கொண்டு கிழவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மஜீதும் வந்து எங்களோடு கால் மடித்து இருந்தான்.

"ஏன் இன்னும் தொடங்கேல்ல?" என்று சிவத்தின் காதுக்குள் கேட்டேன். என்ன பதிலுக்கு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"நாங்கள் தொடங்கத்தான் பாத்தனாங்கள். நானா விடேல்ல. அண்ணன் வராமல் மூடி திறக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார்."

மஜீத் மூடியைத் தூக்கினான். பெரிய துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவைத்தான். அவன் கை சோற்றில் படட்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.