ரோஸ் குஞ்சுகள்

கல்யாணமாகி அகரத்துக்கு வந்த மூன்றாம் மாதம், என் நாத்தனார் எனக்கு ஒரு கோழியை வாரத்துக்கு விட்டாள். நயா பைசா வந்த புதிது அது. என் கணவரின் அக்காவான அவளுக்குப் பக்கத்து வீடுதான். நடுவில் ஒரு வேலி. வாரம் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. கோழி அவளுடையது, வளர்ப்பது நான். தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டுகிற அன்றைக்கு வாரம் முடியும். குஞ்சுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, கோழியை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"டவுனுக்காரி, கோழிக்கு வாய் எந்தப் பக்கம்னாச்சும் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கையில் கொடுத்தாள். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். "வளத்துக் காட்டுறேன் மதினி, பாருங்க" என்றேன். என் பங்குக்கு வரும் குஞ்சுகள்தான் அந்த வீட்டில் எனக்கென்று சொந்தமாகப் போகிற முதல் ஜீவன்கள். கட்டிய புருஷனைக்கூட எல்லோரும் 'எங்க தம்பி', 'எங்க அண்ணன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செவலைக் கோழி. பத்து முட்டை வைத்தேன், ஒன்பது பொரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முற்றத்தில் குருணையை இறைத்துவிட்டு அவை கொத்துவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு முறை சோறு தீய்ந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர், தீய்ந்த சோற்றைத் தின்றுவிட்டு, குஞ்சை மிதிக்காமல் இருக்க நுனிக்காலில் நடந்து வேலைக்குப் போனார்.

எட்டாம் நாள் பருந்து ஒன்றைத் தூக்கிவிட்டது. விளக்குமாற்றோடு தெருமுனை வரை அதைத் திட்டிக்கொண்டே ஓடினேன். திரும்பி வந்தால் வேலிக்கு மேல் நாத்தனாரின் தலை. "ஒண்ணு போச்சா? நாளைக்கு ஒண்ணு போகும்." அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். எங்கப்பா அங்கே நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் வேலை பார்த்தார். குஞ்சுக்குச் சாயம் பூசிவிட்டால் பருந்துக்கு அடையாளம் தெரியாது என்று பட்டறையில் பேசிக்கொள்வதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். எனக்குக் கோழி தெரியாதுதான், சாயம் தெரியுமே! ஒரு பெரிய பொட்டலம் ரோஸ் சாயத்தோடு திரும்பி வந்தேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து எட்டுக் குஞ்சுகளையும் கழுத்து வரை முக்கி எடுத்து, தலையிலும் தடவிவிட்டேன். அதில் ஒன்று நழுவி, காயப்போட்டிருந்த கணவரின் வேட்டி மேல் ஓடியது. வேட்டியின் ஒரு பக்கம் முழுக்க ரோஸ் கால்தடம். மறுநாள் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார், பாவம்.

வெயிலில் காய வைத்துத் தாயிடம் விட்டேன். எட்டும் குதியாட்டம் போட்டுக்கொண்டு ஓடின. கோழி ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளையே கொத்திக் கொத்தித் துரத்த ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு நாத்தனார் வந்தாள். வாயெல்லாம் பல். "கொத்தி விரட்டிருச்சுல்ல? வாரம் முடிஞ்சு போச்சு. பிரி!"

"அது விரட்டல மதினி. அடையாளம் தெரியாம கொத்துது."

"கொத்துனா கொத்துனதுதான். எனக்கு நாலு, உனக்கு நாலு. கோழிய நான் தூக்கிட்டுப் போறேன்."

தாயில்லாமல் அந்தப் பொடிசுகள் இரண்டு நாள் தாங்காது. அவளுக்கும் தெரியும். என்னைச் சீண்டுகிற சந்தோஷத்தில் அதை மறந்திருந்தாள். நான் கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்து, அந்தக் கூடை மேல் கையை ஊன்றிக்கொண்டேன். "இதத் தொட்டீங்க, நல்லா இருக்காது!" என்று கத்தினேன். கத்தும்போதுதான் அந்த யோசனை வந்தது. நிறம்தானே தகராறு? இருட்டில் ரோஸ் ஏது?

"செத்த நேரம் பொறுங்க மதினி" என்று பஞ்சாரத்தின் மேல் இரண்டு சாக்கைப் போட்டு மூடினேன். உள்ளே கும்மிருட்டு. குஞ்சுகளை ஒவ்வொன்றாக அடியில் விட்டேன். கீச் கீச்சென்று கத்தின. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் சாக்கில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கியது. கோழி மெதுவாக, தொண்டைக்குள்ளேயே க்ளுக் க்ளுக் என்றது. சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். செவலை இறக்கைகளுக்கு அடியிலிருந்து ரோஸ் ரோஸாகத் தலைகள் எட்டிப் பார்த்தன.

முதலில் சிரித்தது நாத்தனார்தான். தரையிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்துவிட்டது.

விடிந்ததும் கோழி ரோஸ் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனது. பருந்து இரண்டு வட்டம் போட்டது, கொஞ்சம் தாழ இறங்கியது, பிறகு போய்விட்டது. சாயத்துக்குப் பயந்ததா, என் விளக்குமாற்றுக்கா, தெரியாது. எட்டும் பிழைத்தன.

இறகு முளைக்க முளைக்கச் சாயம் போனது. இரண்டு மாதம் கழித்துக் கோழி நிஜமாகவே கொத்தி விரட்டியது. ஆளுக்கு நாலு பிரித்தோம். கோழியை அவள் தூக்கிக்கொண்டு போனாள். அதுவரை குஞ்சுகளையே நினைத்திருந்த நான், அன்றைக்குத்தான் கோழிக்காக அழுதேன். பொழுது சாய்ந்தால் அது வேலிக்கு அடியில் நுழைந்து என் பஞ்சாரத்தின் பக்கத்தில் வந்து நின்றது. அவள் தூக்கிப் போனாள். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் தூக்க வந்தவள் கை முந்தானைக்குள் எதையோ மறைத்திருந்தது. கீச் என்றது.

"எங்கிட்ட இன்னொரு கோழி பொரிச்சிருக்குத்தா. அந்தப் பாழாப்போன பருந்து ரெண்டத் தூக்கிருச்சு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "அந்தச் சாயம் மிச்சம் இருக்கா?"

"அம்புட்டும் அப்படியே இருக்கு மதினி. என்ன குடுப்பீங்க?"

அவள் என் காலடியில் நின்ற செவலையைப் பார்த்தாள். "அதான் உன் வீட்ட விட்டு நகர மாட்டேங்குதே. வச்சுக்க."

பொட்டலத்தைக் கொடுத்தேன். சாக்கையும் சேர்த்துக் கொடுத்தேன். அன்று முதல் அந்தத் தெருவில், அது எந்தக் குப்பையில் மேய்ந்தாலும், 'டவுனுக்காரி கோழி' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.